ஊரிமுனை: பாரசீகம் பேசும் எழுபத்திரண்டு பேர்

ஊரிமுனை புங்குடுதீவின் மேற்குக் கரையில் இருக்கிற ஒரு மீன்பிடிக் குறிச்சி. ஒரு மாதா கோயில், ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கி, இருபத்தொரு குடும்பம், எழுபத்திரண்டு சனம். இது அந்தத் தீவில் எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது அமைவிட, குடிப்பரம்பல் ஒழுங்குறுத்தல் திணைக்களத்துக்கு மட்டும்தான். தெரிந்துகொள்ளவென்று திணைக்களம் சென்ற வருடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அது நடந்து முடிந்தபோது ஊரிமுனை ஈரானில் இருந்தது.

இதில் மரியநாயகத்தின் பங்கு மிகச் சிறியது. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னார், அவ்வளவுதான்.

மரியநாயகத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. இருபத்திரண்டாவது வயதில் ஊரை விட்டுப்போய், ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்துச் சரக்குக் கப்பல் ஒன்றில் நாலு வருடம் கயிறு இழுத்தவர். பிறகு திரும்பி வந்து றோசம்மாவைக் கலியாணம் முடித்து, மற்றவர்களைப் போலவே வலை, வள்ளம், இடப்பெயர்வு, மீள்குடியேற்றம் எல்லாம் பார்த்தவர். கோயிலுக்குப் பக்கத்து வீடு அவருடையது. ஆகவே கணக்கெடுக்க வந்த கஜாலினி முதலில் நுழைந்த படலை அவருடையதாயிற்று.

கஜாலினி பட்டதாரி. கையில் திணைக்களம் கொடுத்த ரப்லெட் இருந்தது. வீட்டின் கூரை, கிணறு, கோழி எல்லாவற்றையும் கேட்டு முடித்துப் பதினாலாவது கேள்விக்கு வந்தாள்.

"ஐயா, தமிழை விட்டால் வேற என்ன பாஷை தெரியும்?"

"கொஞ்சம் பார்சி தெரியும், பிள்ளை."

"பார்சியோ? கதைப்பீங்களோ?"

இப்படி ஒருவரும் கேட்டு வெகு காலமாயிற்று. மரியநாயகம் கதிரையை விட்டு எழும்பி, நெஞ்சை நிமிர்த்தி, கப்பலின் மேற்றளத்தில் நிற்பவரைப் போலக் கத்தினார். "பியா! போரோ! தனாப்!" வா, போ, கயிறு என்று அர்த்தம்.

கோழிகள் சிதறின. குசினிக்குள் இருந்து றோசம்மா தலையை நீட்டினாள்.

"பிள்ளை, உந்த மனுசன் நாலு வருசம் கயிறு இழுத்தது. முப்பத்துமூண்டு வருசமாய் அதைக் கதைச்சுக்கொண்டு திரியுது. நீ உதையெல்லாம் எழுதாதை."

ஆனால் கஜாலினி நேர்மையான பெண். தமிழ், பாரசீகம் என்று இரண்டையும் பதிந்தாள். ரப்லெட் சற்று நேரம் யோசித்தது. பிறகு திரையில் எழுத்துகள் வந்தன: அருகிவரும் மொழிகளைப் பாதுகாக்கும் பொருட்டு, இரு மொழி அறிந்த குடும்பத்தில் அரிதான மொழியே தாய்மொழியாகக் கொள்ளப்படும். முதற் குடும்பத்தின் தாய்மொழியே கிராமத்தின் மொழியாகக் கொள்ளப்படும். கீழே ஒரே ஒரு பொத்தான் இருந்தது. அதில் 'ஆம்' என்று எழுதியிருந்தது.

கஜாலினி தலைமைக் கந்தோருக்குப் போன் எடுத்தாள். "அமத்துங்கோ பிள்ளை, பிழையெண்டால் கொம்பியூட்டர் தானாய்த் திருத்தும்," என்று ஒரு குரல் சொன்னது. அமத்தினாள்.

கொம்பியூட்டர் தானாய்த் திருத்தியது. வட மாகாணத்தில் பாரசீகம் பேசும் கிராமம் இருக்க முடியாது என்பதை அது உடனே கண்டுகொண்டது. ஆகவே கடலோரம், மீன்பிடி, எழுபத்திரண்டு பேர் ஆகிய விபரங்களுக்கு ஏற்ற இடத்தைத் தேடி, ஈரானின் தென்கரையில் ஒரு மணல்மேட்டில் ஊரிமுனையைக் கொண்டுபோய் வைத்தது. போரின்போது ஊரிமுனைச் சனம் மூன்று தடவை இடம்பெயர்ந்திருக்கிறது. சனத்தை விட்டுவிட்டு ஊர் இடம்பெயர்ந்தது அதுதான் முதற்தடவை.

முதலில் ஒரு கடிதம் வந்தது. ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. அதைப் பற்றி ஒருவரும் பெரிதாகக் கவலைப்படவும் இல்லை. கந்தோர்களில் இருந்து வாசிக்கத் தெரியாத பாஷையில் கடிதம் வருவது அந்தத் தீவுக்குப் புதிதல்ல. இந்தக் கடிதத்தில் எழுத்துகள் வலப்பக்கம் இருந்து தொடங்கியிருந்தன என்ற ஒரு வித்தியாசம்தான். றோசம்மா அதை அலுமாரிக்குள் மற்றக் கடிதங்களோடு வைத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தண்ணீர் பவுசர் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை.

ஊரிமுனைக் கிணறுகளில் உப்புத் தண்ணீர்தான். குளிக்கலாம், குடிக்க ஏலாது. கிழமைக்கு இரண்டு தடவை பவுசர் வந்து கறுப்புத் தாங்கியை நிரப்பிவிட்டுப் போகும். மரியநாயகம் பவுசர் சாரதி சுஜிதனுக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, நான் வரத்தான் வெளிக்கிட்டனான்," என்றான் சுஜிதன். "இப்ப எல்லாம் மெசின் சொல்லுற பாதையிலைதான் ஓட வேணும். உங்கட ஊரைப் போட்டால் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கிலோமீற்றர் காட்டுது. நடுவிலை கடலும் வருது. எனக்குத் தாற டீசல் அறுபது கிலோமீற்றருக்குத்தான்."

"தம்பி, நீ போன கிழமையும் வந்தனி! பாதை தெரியுந்தானே?"

"எனக்குத் தெரியும் அண்ணை. மெசினுக்குத் தெரியாதே."

ஊர்ப் பெண்கள் சைக்கிளில் கான்களைக் கட்டிக்கொண்டு மடத்துவெளிக்குப் போய்த் தண்ணீர் அள்ளத் தொடங்கினார்கள். போகும்போதும் வரும்போதும் மரியநாயகத்தின் படலையடியில் மட்டும் மணியை ஓங்கி அடித்தார்கள். அவருக்கு 'ஈரான்காரர்' என்று பெயர் விழுந்தது. கோயிலில் அவருக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவர் இரண்டு வாங்கு தள்ளிப் போய் இருந்தார். மகள் ஜொய்சி ஏழு மாத வயிற்றோடு ஒரு கானைத் தூக்கிக்கொண்டு வந்ததைக் கண்ட அன்று மரியநாயகம் சாப்பிடவில்லை. மறுநாள் காலை வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினார்.

திணைக்களத்தின் உதவிப் பணிப்பாளர் வசீகரன் நாற்பது வயதுக்காரர். கழுத்தில் ரை, மேசையில் ஓர் உலக உருண்டை. மரியநாயகம் "ஊரிமுனையிலை இருந்து வாறன் சேர்," என்றதும் எழுந்து நின்று இரண்டு கையாலும் கை கொடுத்தார்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள். பயணம் எப்பிடி?"

"பஸ் கொஞ்சம் லேற்று. மற்றப்படி ஒண்டரை மணித்தியாலந்தான்."

"இப்ப எல்லாம் வலு கெதி," என்று வசீகரன் வியந்தார். "உங்கட தமிழும் நல்ல திறம். எங்கை படிச்சனீங்கள்?"

மரியநாயகம் கொஞ்சம் திகைத்தார். "அம்மாட்டை."

"அம்மா தமிழோ?"

"ஓம் சேர். அப்பாவும் தமிழ்."

"அப்ப அங்கையும் எங்கட ஆக்கள் இருந்திருக்கினம்," என்று சொல்லி வசீகரன் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

"சேர், நான் புங்குடுதீவு. பிழையாய்ப் பதிஞ்சு போட்டினம். ரெண்டு கிழமையாய்த் தண்ணி..."

வசீகரன் அவசரமாகக் கையை உயர்த்தினார். "சொல்லாதையுங்கோ! தமிழிலை சொன்னால் எனக்கு விளங்கிப் போகும்."

வசீகரன் லாச்சியைத் திறந்து சுற்றறிக்கை பதினாலை எடுத்து வாசித்தார். கிராமத்தவர் தமது சொந்த மொழியிலேயே சேவை பெறுதல் அவர்களின் உரிமையாகும். வேறு மொழியில் முறைப்பாட்டை ஏற்கும் அலுவலர் அவ்வுரிமையை மீறியவராவார்.

"எத்தினை வருசமாய்ச் சனம் இந்த உரிமைக்குக் கத்தினது," என்றார் வசீகரன். "இப்பதான் வந்திருக்கு. அதை நானே மீறலாமோ? நீங்கள் பார்சியிலை முறைப்பாடு தாங்கோ. உடனை ஏற்கிறன்."

"பார்சியிலை தந்தால் உங்களுக்கு விளங்குமோ சேர்?"

"விளங்காது. ஆனால் சட்டப்படி சரி."

மரியநாயகம் உலக உருண்டையில் விரலை வைத்தார். "சேர், ஒருக்கா வந்து பாருங்கோவன். எங்கட ஊர் எங்கை இருக்கெண்டு கண்ணாலை பார்த்தால் முடிஞ்சுதுதானே?"

இது வசீகரனுக்குப் பிடித்துப்போனது. களப் பரிசோதனை என்றால் கொழும்பில் இருந்து மேலதிகப் பணிப்பாளர் நாயகம் வருவார். அவர் வந்தால் போட்டோ எடுக்கலாம்.

பத்து நாளில் மூன்று வாகனங்கள் ஊரிமுனைக்கு வந்தன. வழி கேட்க வேண்டியிருக்கவில்லை, சுஜிதனை முன்னால் மோட்டார் சைக்கிளில் விட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கோயில் முன்றலில் பந்தல் போட்டிருந்தது. மேலதிகப் பணிப்பாளர் நாயகம் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தீவுப்பக்கம் அவர் வருவது அதுதான் முதற்தடவை. கூடவே புத்தளத்தில் இருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரையும் கூட்டி வந்திருந்தார்கள். ஹஷீம் மாஸ்டர் என்று பெயர். எழுபது வயது. நாட்டில் பாரசீகம் தெரிந்தவர் என்று திணைக்களத்தின் பட்டியலில் இருந்த ஒரே ஆள் அவர்.

முதலில் ஓர் இளம் அலுவலர் அமைவிடக் கருவியை நிலத்தில் வைத்து அளந்தார். கருவி 'புங்குடுதீவு' என்று காட்டியது. திரும்பவும் அளந்தார். திரும்பவும் புங்குடுதீவு. வசீகரன் வந்து பார்த்துவிட்டுக் கருவியில் 'பழுது' என்று ஒரு துண்டு ஒட்டி வாகனத்துக்குள் வைக்கச் சொன்னார்.

பிறகு மேலதிகப் பணிப்பாளர் நாயகம் பேசினார். அவர் தமிழில் பேசப் பேச ஹஷீம் மாஸ்டர் அதைப் பாரசீகத்தில் சொன்னார். சனத்துக்குத் தமிழ் விளங்கியது, பாரசீகம் விளங்கவில்லை. ஆனால் பாரசீகம் முடிந்த பிறகுதான் கைதட்டவேண்டும் என்று வசீகரன் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"அன்பான ஊரிமுனை மக்களே! ஒரு திணைக்களத்தின் பலம் எது? அதன் பதிவு. பதிவு சரியாக இருந்தால் கிராமம் எங்கே இருந்தாலும் பரவாயில்லை. நான் முப்பத்தொரு வருடமாகக் கிராமங்களைப் பதிந்து வருகிறேன். இதுவரை ஒரு கிராமத்தையும் நேரில் பார்த்ததில்லை. நேரில் பார்த்தால் மனம் குழம்பிவிடும் என்று எனக்குத் தொழில் பழக்கியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இன்று உங்களைப் பார்க்கிறேன். கொஞ்சமும் குழம்பவில்லை. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்தும் எங்களை இளநீர் கொடுத்து வரவேற்றீர்கள். உங்களுக்கும் எங்களுக்கும் இடையில் கடல் இருக்கலாம், இந்தத் திணைக்களம் இருக்கும்வரை அந்தக் கடல் அப்படியே இருக்கும்!"

மொழிபெயர்ப்பு முடிந்ததும் சனம் கைதட்டியது.

அடுத்தது சாட்சியம். றோசம்மா எழும்பினாள். அவளுக்கு மூன்று கிழமைக் கோபம் இருந்தது.

"ஐயா, எங்களுக்குத் தண்ணி இல்லை," என்று தொடங்கினாள்.

மேலதிகப் பணிப்பாளர் நாயகம் காதுகளைப் பொத்திக்கொண்டார். "தாய்மொழியில், தாய்மொழியில்!" என்றார் வசீகரன்.

எல்லாரும் மரியநாயகத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்று, கப்பலில் தாகமெடுத்தால் சொல்கிற இரண்டு சொல்லை ஞாபகப்படுத்திச் சொன்னார். "ஆப் நீஸ்த்."

ஹஷீம் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மரியநாயகத்தை ஒரு தரம், றோசம்மாவை ஒரு தரம் பார்த்தார். "தண்ணீர் இல்லை என்று சொல்றார்," என்றார்.

"ஆகா," என்றார் மேலதிகப் பணிப்பாளர் நாயகம். "தொடரட்டும்."

றோசம்மா தொடர்ந்தாள். மடத்துவெளிக்கு எத்தனை தரம் சைக்கிள் மிதிக்கிறது, காற்றுக்கு எதிரே கானோடு வருகிறது எவ்வளவு பாடு, ஏழு மாதக்காரி தூக்குகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போத்தலுக்குள் உப்புத் தண்ணீரைக் கொண்டு போய் வயிற்றோட்டம் வந்தது, பவுசர்க்காரன் பாதை தெரிந்தும் வராமல் இருக்கிறது என்று ஐந்து நிமிடம் விடாமல் சொன்னாள். அதிகாரிகள் காதுகளைப் பொத்தியபடி பொறுமையாக இருந்தார்கள். அவள் முடித்ததும் எல்லாரும் கையை எடுத்துவிட்டு மரியநாயகத்தைப் பார்த்தார்கள். அவரிடம் வேறு சொல் இருக்கவில்லை.

"ஆப் நீஸ்த்," என்றார்.

ஹஷீம் மாஸ்டர் எழுந்தார். மடத்துவெளி, சைக்கிள், எதிர்க்காற்று, ஏழு மாத வயிறு, வயிற்றோட்டம், பவுசர் என்று றோசம்மா சொன்ன அத்தனையையும் ஒன்று விடாமல் தமிழில் சொல்லி முடித்தார்.

மேலதிகப் பணிப்பாளர் நாயகத்தின் கண் கலங்கிவிட்டது. "இரண்டே சொல்லுக்குள் இவ்வளவு விஷயமா! என்ன மொழி, என்ன மொழி!"

பிறகு அவர் தீர்வைச் சொன்னார். பதிவுக்கும் அமைவிடத்துக்கும் இடையில் முரண்பாடு இருப்பதாக ஒரு சந்தேகம் எழுந்திருக்கிறது. அதைத் தீர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பதிவை மாற்றுவது. அதற்கு நான்கு குழுக்களும் ஒரு வர்த்தமானி அறிவித்தலும் வேண்டும், ஆறேழு வருடம் எடுக்கும். மற்றது, கிராமத்தைப் பதிவில் உள்ள இடத்துக்கு மாற்றுவது. அதற்குப் போக்குவரத்துப் பிரிவின் அனுமதி மட்டும் போதும். "எழுபத்திரண்டு பேர்தானே? அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவெடுப்போம்."

மரியநாயகம் பந்தலின் முன்னுக்கு வந்தார்.

"ஐயா, நாங்கள் முந்தி ஓடினனாங்கள்," என்று தமிழிலேயே சொன்னார். "ஷெல் அடிச்சாங்கள், ஓடினம். இப்ப என்னத்துக்கு ஓட வேணும்?"

மேலதிகப் பணிப்பாளர் நாயகம் இந்த முறை காதைப் பொத்த மறந்துவிட்டார். "அது அவசரகால இடப்பெயர்வு," என்று அன்பாக விளக்கினார். "இது நிர்வாக இடப்பெயர்வு. வழியில் உலர் உணவு கொடுப்போம்."

வாகனங்கள் போய்விட்டன. ஹஷீம் மாஸ்டர் மட்டும் மொழித் தேர்ச்சி அறிக்கை எழுதவேண்டும் என்று சொல்லி நின்றுகொண்டார். யாரும் கேட்காமலே மரியநாயகம் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். றோசம்மா புட்டும் பாரைமீன் குழம்பும் வைத்தாள். கை கழுவ அரைக் கோப்பைத் தண்ணீர் கொடுத்தாள். அவர் அதில் பாதியை மிச்சம் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க பாரசீகத்தில எத்தனை சொல் இருக்கு?" என்று கேட்டார்.

"முப்பது இருக்கும் மாஸ்டர். அதிலை பன்னிரண்டு பொம்பிளையளுக்கு முன்னாலை சொல்ல ஏலாது."

ஹஷீம் மாஸ்டர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டார். "என்னோடது ஐந்நூறு வருஷத்துப் பழசு. பழைய ஏடுகளை வாசிக்கத்தான் படிச்சேன். இன்னைக்குத் தெஹ்ரானுக்குப் போனா எனக்கு ஒரு தேத்தண்ணி கேட்டு வாங்கத் தெரியாது. அறிக்கைப் படிவத்துல பாருங்க, 'சரளம்', 'மிகச் சரளம்' ரெண்டு கூடுதான் இருக்கு."

"அப்ப எங்களைக் கப்பலிலை ஏத்தப் போறாங்களோ மாஸ்டர்?" என்று றோசம்மா கேட்டாள். அவளுடைய குரல் அன்று முதற்தடவையாக இறங்கியிருந்தது.

ஹஷீம் மாஸ்டர் பைக்குள் இருந்து சுற்றறிக்கை பதினாலை எடுத்தார். புத்தளத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் வரும்போது வாசிக்க வேறு ஒன்றும் இல்லாததால் அதை முழுக்க வாசித்திருந்தார். அதை எழுதியவர்கள்கூட அவ்வளவு தூரம் வாசித்திருக்கமாட்டார்கள்.

"ஒன்பதாம் பந்தியைக் கேளுங்க. கிராமத்தின் மொழியில கொடுக்கிற விண்ணப்பத்தை மறுக்கிறதா இருந்தா, பதினாலு நாளைக்குள்ள, அதே மொழியில, காரணம் எழுதி மறுக்கணும். இல்லாட்டி அது அங்கீகரிக்கப்பட்டதா ஆகும்."

மரியநாயகம் அதை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். றோசம்மாவுக்கு ஒரு தரமே போதுமாயிருந்தது. அவள் ஜொய்சியின் பழைய கொப்பியில் இருந்து ஒற்றையைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

"எழுதுங்கோ மாஸ்டர். பவுசர் கிழமைக்கு ரெண்டு தரம்."

ஹஷீம் மாஸ்டர் வலப்பக்கத்தில் இருந்து எழுதத் தொடங்கினார். எட்டு வரி போன பிறகும் தண்ணீர் என்ற சொல் வந்ததாகத் தெரியவில்லை.

"இப்ப என்ன மாஸ்டர் எழுதுறியள்?"

"'உலகின் அடைக்கலமே, உமது குடை நிழலில் மானும் புலியும் ஒரே சுனையில் நீர் அருந்துகின்றன...'"

"உது வசீகரனுக்கோ?"

"பாரசீகத்தில எனக்கு அரசனுக்கு எழுதத்தான் தெரியும்மா. கந்தோருக்கு எழுதத் தெரியாது."

றோசம்மா ஒன்றொன்றாகச் சொன்னாள். பவுசர். இன்னொரு தாங்கி. வள்ளம் கட்டுகிற இடத்தில் ஒரு லைற். பஸ் தங்கள் சந்தியில் நிற்கவேண்டும். மரியநாயகம் தண்ணீர் மட்டும் போதும் என்றார். அவள் கேட்கவில்லை. கடைசியில் அவரே ஒன்று சேர்க்கச் சொன்னார். "எங்களை ஒரு இடமும் அனுப்பக்கூடாது எண்டு போடுங்கோ. அதை அரசனுக்கு எழுதுற மாதிரி எழுதாதையுங்கோ. சும்மா எழுதுங்கோ."

ஹஷீம் மாஸ்டர் அந்த வரியை மிகவும் மெதுவாக எழுதினார். மறுநாள் பூசை முடிந்ததும் ஊரில் பெரியவர்கள் எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள். பக்கத்து வாங்கில் இருந்து விலகிப்போனவரும் வைத்தார்.

விண்ணப்பத்தை வசீகரன் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டு, தலைகீழாக முத்திரை குத்தினார். அதன் பிறகுதான் அவருக்குச் சிக்கல் விளங்கியது. அங்கீகரிக்கலாமா மறுக்கலாமா என்று தீர்மானிக்க அதை வாசிக்கவேண்டும். கொழும்புக்கு அனுப்பினார். 'பிராந்தியக் கந்தோரே நடவடிக்கை எடுக்கவும்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஹஷீம் மாஸ்டருக்குப் போன் எடுத்தார். விண்ணப்பத்தை எழுதியவரே அதை மொழிபெயர்ப்பது பதினோராம் பந்திக்கு முரண் என்று அவர் பணிவாகச் சொல்லிவிட்டார். நாட்டில் வேறு ஆள் இல்லை. பதின்மூன்றாம் நாள் வசீகரன் அந்தக் கடுதாசியைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துக்கூடப் பார்த்ததாகக் கந்தோர்ப் பியோன் சொன்னான்.

பதினாலு நாளும் முடிந்ததும் விண்ணப்பம் தானாக அங்கீகரிக்கப்பட்டது; இனி மொழிபெயர்க்கத் தடை இல்லை என்று ஹஷீம் மாஸ்டர் அதில் உள்ளதை வசீகரனுக்குப் போனில் சொன்னார். பதினைந்தாம் நாள் காலை சுஜிதனின் பவுசர் ஊரிமுனைச் சந்தியில் ஹோர்ன் அடித்தது. மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கிலோமீற்றருக்குரிய டீசல் அவனுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது. மிச்ச டீசலைப் பற்றி ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர் தாங்கிக்குள் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சனம் நின்றது. ஒரு மாதத்துக்குள் இரண்டாவது தாங்கி வந்தது. லைற் வந்தது. பஸ் சந்தியில் நின்றது. ஏற ஆள் இல்லாத நாட்களிலும் நின்றது. கப்பலைப் பற்றி ஒரு கதையும் வரவில்லை. அதையும் திணைக்களம் தனக்குத் தெரியாமலே ஒப்புக்கொண்டுவிட்டது.

எல்லாம் அப்படியே போய்க்கொண்டிருக்கும்போது கஜாலினி வந்தாள். அவளுக்கு இந்த மாதமெல்லாம் நித்திரை இல்லை. தன்னால் வந்த பிழையைத் திருத்த அனுமதி கேட்டுப் பதினொரு கடிதம் எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு நாளைக்கு மட்டும், பின்னேரம் நாலு மணி வரை, ஊரிமுனையின் பதிவு திறந்து விடப்பட்டிருந்தது.

"ஐயா, 'தமிழ்' எண்டு மாத்தினால் ஊரும் தானாய்த் திரும்பி வரும்," என்றாள். அவளுடைய முகத்தில் அவ்வளவு சந்தோசம்.

மரியநாயகத்துக்கும் சந்தோசம்தான். ஜொய்சிக்குக் குழந்தை பிறக்க இன்னும் இரண்டு கிழமை இருந்தது. பேரப்பிள்ளையின் பிறப்புப் பதிவில் என்ன ஊர் விழுமோ என்று அவர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். "அமத்து பிள்ளை," என்றார்.

கஜாலினி அமத்தப் போனவள் நின்றுவிட்டாள். திரையில் கீழே சிறிய எழுத்தில் ஒன்று வந்திருந்தது: இக்கிராமத்தின் சேவைகள் தமிழ்மொழிக் கிராமங்களுக்குரிய காத்திருப்புப் பட்டியலுக்கு மாற்றப்படும். வரிசை எண் நானூற்றுப் பதினெட்டு.

"அதென்ன பிள்ளை?" என்று றோசம்மா கேட்டாள்.

கஜாலினி சொன்னாள். பவுசர் நின்றுவிடும். லைற்றைக் கழற்றுவார்கள். தமிழில் எழுதிய விண்ணப்பங்கள் பட்டியலில் இருக்கின்றன, முறைப்படி வரும்.

செய்தி கேட்டு ஊர் கூடிவிட்டது. மூன்று மணிவரை கதைத்தார்கள். இளசுகள் தண்ணீர்தான் முக்கியம் என்றார்கள். வயதானவர்கள் சிலர் அப்பன் பாட்டனைப் புதைத்த மண்ணை ஈரான் என்று எழுத விடலாமா என்றார்கள். மரியநாயகம் இரண்டு பக்கமும் பேசவில்லை. இந்த வில்லங்கத்தைத் தொடக்கியவன் நான், முடிக்கிற உரிமை எனக்கு இல்லை என்று கோயில் படியில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது றோசம்மா வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

"என்னப்பா இருக்கிறியள்? அந்தப் பிள்ளை பாவம், பார்த்துக்கொண்டு நிக்குது."

"றோசம்மா, நாங்கள் ஆர் எண்டு ஒரு கடுதாசியிலையும் இல்லாமல் போகப் போகுதே."

"கடுதாசியிலை நாங்கள் எப்ப இருந்தனாங்கள்?" என்றாள் அவள். "நாங்கள் ஆர் எண்டு எங்களுக்குத் தெரியும். தண்ணி வரட்டும். ஜொய்சியின்ரை பிள்ளைக்குத் தமிழ் நான் சொல்லிக் குடுக்கிறன். அதுக்கு உவையின்ரை பொத்தான் தேவையில்லை."

மரியநாயகம் எழும்பினார். கஜாலினியின் தலையில் கையை வைத்து, "விடு பிள்ளை," என்றார். நாலு மணிக்கு ரப்லெட் தானாக மூடிக்கொண்டது. கஜாலினி கொஞ்சம் அழுதாள். பிறகு றோசம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கடைசிப் பஸ்ஸில் போனாள்.

பேரப்பிள்ளை பிறந்து ஊரிமுனையின் சனத்தொகை எழுபத்துமூன்று ஆன கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், மரியநாயகத்தின் படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வசீகரன். ரை கட்டியிருக்கவில்லை. சாரம் கட்டியிருந்தார். மரியநாயகம் கதிரையை இழுத்துப் போட்டார். றோசம்மா ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை ஒரே மூச்சில் குடித்தார்.

"நல்ல தண்ணி," என்றார். இன்னொரு செம்பும் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்கட வீடு கரம்பொன். கிணறு உப்பாய்ப் போச்சு. மூண்டு வருசமாய் மனுக் குடுக்கிறன்."

"ஆருக்குக் குடுக்கிறியள் சேர்?"

வசீகரன் செம்புக்குள் பார்த்தார். "எனக்குத்தான். என்ரை மேசைக்குத்தான் வரும். பட்டியலிலை போட்டிருக்கிறன். ஐந்நூற்று ஆறு."

மரியநாயகத்துக்கு அந்த மனுசனைப் பார்க்கப் பாவமாய் இருந்தது. அவர் உள்ளே போய் ஹஷீம் மாஸ்டரின் வீட்டுப் போன் நம்பரை எடுத்துவந்து கொடுத்தார். வசீகரன் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். படலை வரை போனவர் திரும்பி வந்தார்.

"அந்த மாஸ்டர் என்னோடை கதைப்பாரோ?"

"வடிவாய்க் கதைப்பார் சேர்," என்றார் மரியநாயகம். "நீங்கள் தமிழிலை எழுதித் தரச் சொல்லி மட்டும் கேட்டுப்போடாதையுங்கோ."